மொடல் கோச்சிக்கு எந்த வருசத்து நிறம்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள், மற்றவர்கள் சேமித்து வைத்துப் பிறகு வாசியுங்கள்.

பாடசாலைக் கண்காட்சிகளில் பிள்ளைகள் செய்து வைக்கும் மொடல் கோச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் பச்சை, பெட்டிகள் நீலம், நடுவில் ஒரு மஞ்சள் கோடு. "மாஷா அல்லாஹ், வடிவா இரிக்கி" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவோம். அந்த இடத்தில் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது என் கருத்து. "இது எந்த வருசத்துக் கோச்சி மகன்?" பதில் இல்லாவிட்டால் அது விளையாட்டுச் சாமான். பதில் இருந்தால் அது வரலாற்றுப் பாடம். இரண்டுக்கும் செலவாகும் பெயின்ற் ஒரே அளவுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. டிசம்பர் 26 நினைவுக் கண்காட்சிக்காகப் பேரலியவில் அலையில் சிக்கிய கோச்சியை மொடலாகச் செய்ய எங்கள் மாணவர்கள் சிலர் விரும்புகிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் ஆசிரியர் ஓய்வறையில் பேச்சு வந்தபோது நிறத்தில்தான் கருத்து பிரிந்தது. அந்த எஞ்சினின் பக்கங்களில் பெரிய அலை ஒன்றை வரையலாம், பார்ப்பவருக்கு உடனே விளங்கும் என்றார் ஒருவர். சோகம் வேண்டாம், நல்ல பளிச்சென்ற நிறமாகப் பூசுங்கள் என்றார் இன்னொருவர். இருவரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நான் இரண்டுக்கும் உடன்படவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் விசயத்தைச் சரியாக வைத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். கொழும்புக் கோட்டையிலிருந்து மாத்தறை நோக்கிப் போன கடுகதிக் கோச்சி ஹிக்கடுவைக்குப் பக்கத்தில் பேரலிய என்ற இடத்தில் நின்றபோது கடல் ஏறி வந்தது. ஆயிரத்துக்கும் அதிகமான உயிர்கள். உலக ரயில் வரலாற்றிலேயே பெரிய உயிரிழப்பாக அதைச் சொல்கிறார்கள். இழுத்துச் சென்றது 591ஆம் இலக்க டீசல் எஞ்சின். பெயர் மனிடோபா. கனடா கொழும்புத் திட்டத்தின் கீழ் 1950களில் தந்த எம்2 வகை எஞ்சின்களில் ஒன்று. அவற்றுக்குக் கனடாவின் மாகாணங்களின் பெயர்களையே வைத்தார்கள். ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று அதன் சகோதர எஞ்சின்களும் உண்டு.

அந்த எஞ்சினைக் கைவிடவில்லை. மீட்டெடுத்துத் திருத்தி மீண்டும் ஓட விட்டார்கள். அப்போதுதான் அதன் உடம்பில் அலையை வரைந்தார்கள். டிசம்பர் 26இல் அது பேரலியவுக்குப் போய் நிற்பதும், அங்கே நினைவு வணக்கம் நடப்பதும் பலருக்குத் தெரியும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அலை வரைந்த எஞ்சின் 2004க்குப் பிந்திய எஞ்சின். அன்று காலை கோட்டையை விட்டுப் புறப்பட்ட எஞ்சினில் அலை இல்லை. வழக்கமான நிறத்தில், வழக்கமான செம்பழுப்புப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு, வழக்கமான ஒரு விடுமுறை நாளில் அது போனது. ஜன்னலோரத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நாம் அந்தக் காலைக் கோச்சியில் அலையை வரைந்தால், அது தன் முடிவைத் தெரிந்துகொண்டே போன மாதிரி ஆகிவிடும். அது பொய். சின்னப் பொய்தான், ஆனால் முக்கியமான இடத்தில் சொல்லும் பொய்.

எங்கள் கரையில் இது விளங்காதவர் யார்? நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஒரே கோட்டில் அடிபட்டோம். அன்று காலை எங்கள் வீடுகளிலும் அலை வரைந்திருக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள், மீன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சுனாமி என்ற சொல்லே பலருக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தத் தெரியாமையைத்தான் இன்றைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஏனென்றால் இன்று தரம் பதினொன்றில் இருக்கும் பிள்ளையும் அதற்குப் பிறகு பிறந்தது. கடல் பின்வாங்கினால் ஓட வேண்டும் என்பது அன்று கரையில் நின்ற பெரும்பாலானோருக்குத் தெரியாத பாடம்.

ஆகவே என் யோசனை: இரண்டு மொடல் செய்யுங்கள். ஒன்று அன்றைய காலையின் கோச்சி, சாதாரண நிறத்தில். மற்றது திருத்தி எடுத்த பிறகு அலை வரைந்த மனிடோபா. இரண்டுக்கும் கீழே வருடத்தை எழுதுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். விளக்கவுரை தேவைப்படாது.

"ஒரு நிறத்துக்கு இவ்வளவு பேச்சா சேர்?" என்று கேட்பீர்கள். உலகம் முழுக்க மொடல் ரயில் செய்பவர்கள் இதற்காகவே சண்டை பிடிக்கிறார்கள். பிரித்தானியாவில் 1923இல் நூற்றுக்கும் மேற்பட்ட ரயில் கம்பனிகளை நான்காக இணைத்தார்கள், 1948இல் எல்லாம் அரசுடைமையாயிற்று. ஒவ்வொரு முறையும் நிறம் மாறியது, கோடு மாறியது, எழுத்து மாறியது. அதனால் அங்கே ஒரு எஞ்சினின் நிறத்தைப் பார்த்தே அது எந்தக் காலம் என்று சொல்ல முடியும்.

ஃபிளையிங் ஸ்கொட்ஸ்மன் என்ற புகழ்பெற்ற நீராவி எஞ்சினை 2016இல் திருத்தி மீண்டும் ஓட விட்டபோது, பலர் எதிர்பார்த்த ஆப்பிள் பச்சை அதில் இல்லை. அரசுடைமைக் காலத்தின் கடும் பச்சையும் 60103 என்ற இலக்கமும்தான் இருந்தன. சிலருக்குக் கோபம். ஆனால் அதன் உடம்பில் அப்போது இருந்தவை இரட்டைப் புகைபோக்கியும் இரு பக்கப் புகைத்தடுப்புத் தகடுகளும். இரண்டும் 1960களின் தொடக்கத்து வடிவம். அந்த வடிவத்துக்கு ஆப்பிள் பச்சை பூசினால் எந்த வருடத்திலும் இல்லாத ஒரு எஞ்சின் பிறந்துவிடும். வடிவமும் நிறமும் ஒரே வருடத்தைச் சொல்ல வேண்டும் என்பதுதான் அங்கே வென்ற நியாயம்.

பக்கத்து நாட்டையும் பாருங்கள். இந்திய ரயில் பெட்டிகள் நெடுங்காலம் செங்காவி நிறம். 1990களில் நீலமாயின. அது வெறும் அலங்காரம் இல்லை. பழைய பெட்டிகள் வெற்றிட பிரேக்கில் ஓடின, புதியவை காற்றழுத்த பிரேக்கில். நீலம் பார்த்தால் காற்றழுத்த பிரேக் பெட்டி என்று விளங்கும். நிறத்துக்குள் ஒரு தொழில்நுட்பச் செய்தியே இருந்தது. மொடலில் இரண்டையும் கலந்து பூசும் பிள்ளைக்கு இதைச் சொன்னால் விஞ்ஞானமும் சேர்ந்து வந்துவிடும்.

இதற்கு எதிராக மூன்று விசயங்கள் சொல்லப்படும். மூன்றுக்கும் பதில் சொல்லாமல் போவது சரியில்லை.

முதலாவது, வீண்விரயம். பரீட்சைக்கு உதவாத வேலை, காசும் நேரமும் போகும். காசைப் பொறுத்தவரை நான் வெளிநாட்டு மொடல் வாங்கச் சொல்லவில்லை. வாங்கினாலும் நம் கோச்சிக்குப் பொருந்தாது. இலங்கையின் அகலப் பாதை 1676 மில்லிமீற்றர். பிரித்தானியாவில் பரவலாக உள்ள 1:76 அளவில் அது 22 மில்லிமீற்றர் வர வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 தான். நமக்கு மட்டையும் ரெஜிபோமும் பைண்டர் கம்மும் போதும். ஒரு எச்சரிக்கை: ரெஜிபோமில் நேரடியாக ஸ்பிரே பெயின்ற் அடித்தால் அது உருகிப் போகும். முதலில் பைண்டர் கம் பூசிக் காய விடுங்கள், அல்லது தண்ணீரில் கரையும் பெயின்ற்றைப் பாவியுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, கோடு போடுவதையே எடுங்கள். எஞ்சினில் அரை அங்குல அகலத்தில் ஒரு கோடு இருந்தால், 1:76 மொடலில் அது ஆறில் ஒரு மில்லிமீற்றர். ஃபோட்டோகொப்பிக் கடதாசி இரண்டை அடுக்கினால் வரும் தடிப்பை விடக் குறைவு. அதனால்தான் தேர்ந்தவர்கள் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது. அடிப்பூச்சு. வெளிர் நிறம் முதலில், கடும் நிறம் பிறகு. கோடு போடுமுன் ஒரு பளபளப்புப் பூச்சு, அப்போதுதான் பேனா வழுக்கி ஓடும். வளைவை முதலில் வரைந்து நேர்கோட்டை அதில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கடைசியில் மங்கல் வார்னிஷ். இதில் அளவுத்திட்டம் இருக்கிறது, பின்னம் இருக்கிறது, பொறுமை இருக்கிறது. பரீட்சைக்கு உதவாதது எது?

எங்கள் ஊருக்கு இந்தக் கைவேலை புதிதுமில்லை. மருதமுனைத் தறியில் சாரன் கரைக்கு எத்தனை இழை எந்த நிறம் என்று எண்ணிப் போடுகிறவருக்கும், லொறி பொடியில் ஒரே இழுவையில் கோடு இழுக்கிற பெயின்ற்றருக்கும் நான் சொல்வது உடனே விளங்கும். அவர்களைப் பாடசாலைக்கு ஒரு நாள் கூப்பிடுங்கள். நம் கல்வியியற் கல்லூரிகளில் கற்றுத் தராத பாடம் அவர்களின் கையில் இருக்கிறது.

இரண்டாவது, "ரயில்வேயே ஒழுங்காக ஒரே நிறத்தில் வைத்திருக்கவில்லையே, ஒரே கோச்சியில் இரண்டு நிறப் பெட்டி ஓடுகிறதே" என்பது. உண்மை. இது என் கருத்துக்கு எதிரானது இல்லை, ஆதரவானது. எல்லாப் பெட்டியும் ஒரே நாளில் பெயின்ற் அடிக்கப்படுவதில்லை. ஒரு படத்தில் புதிய நிறத்துக்கு நடுவில் பழைய நிறப் பெட்டி ஒன்று இருந்தால், மொடலிலும் அப்படியே வையுங்கள். தூசும் துருவும் இருந்தால் அதையும் பூசுங்கள். எல்லாவற்றையும் ஒரே நிறமாகத் திருத்துவதுதான் பிழை.

ஆனால் படத்தை நம்புவதிலும் கவனம் வேண்டும். பழைய கறுப்பு வெள்ளை ஃபிலிம்களில் ஒரு வகைக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளிறிப் போகும். ஆகவே படத்தில் கறுப்பாக இருக்கும் பெட்டி உண்மையில் சிவப்பாக இருந்திருக்கலாம். ஒரு படத்தோடு நிற்காமல் இன்னொரு ஆதாரமும் தேடுங்கள். இது சரித்திர ஆசிரியர்கள் எப்போதும் சொல்வது. கடுகண்ணாவையில் 2014இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலாப் போகும்போது பிள்ளைகளை வெறும் செல்ஃபியோடு விடாமல், இலக்கத்தையும் நிறத்தையும் குறித்து வரச் சொல்லுங்கள்.

மூன்றாவது எனக்குக் கொஞ்சம் வலிக்கிற ஒன்று. "நம்ம ஊருக்குக் கோச்சியே இல்ல, நமக்கென்ன அதுல?" 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் கோச்சி ஓடியது. 1928இல் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தது. அதற்குத் தெற்கே இன்றுவரை ஒரு அடி தண்டவாளம் இல்லை. ஆனால் எங்கள் ஆட்கள் மட்டக்களப்பு வரை பஸ்ஸில் போய் உதயதேவியில் ஏறியிருக்கிறார்கள். கொழும்பில் வேலைக்கு, வெளிநாடு போக, ஆஸ்பத்திரிக்கு, கம்பஸுக்கு. அந்தப் பெட்டிகளின் நிறம் எங்கள் மூத்தாப்பாமாரின் கண்ணில் இருக்கிறது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தண்டவாளம் வராத ஊர் என்பதற்காகப் பயணம் செய்யாத ஊர் ஆகிவிட மாட்டோம்.

ஆகவே பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு சின்ன வேண்டுகோள். வீட்டில் பழைய அல்பம் இருந்தால் கோச்சியோ ஸ்டேசனோ தெரிகிற படத்தைத் தேடுங்கள். படத்தின் பின்பக்கம் பென்சிலால் வருடத்தையும் இடத்தையும் எழுதுங்கள். மூத்தவர்களிடம் "பெட்டி என்ன நிறம், சீற் எப்படி இருந்திச்சி" என்று பிள்ளையைக் கேட்க விடுங்கள். அவர் சொல்வதை அவரின் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு பெயின்ற் வாங்குங்கள்.

கண்காட்சியில் நடுவர்களாக வருபவர்களுக்கும் ஒன்று. வடிவுக்குப் புள்ளி போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மொடலைத் தூக்கி அடியைப் பாருங்கள். அங்கே ஒரு வருடம் எழுதியிருந்தால், ஏன் அந்த வருடம் என்று பிள்ளை சொன்னால், அதற்கும் புள்ளி இருக்கட்டும்.