கோராத தேய்மானம்

ஆண்டுதோறும் நம் அலுவலகங்களை நாடி வருகிறவர்களுள், இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு பம்புசெட் உதிரிபாகங்களைக் கூலிக்குக் கடைந்து கொடுத்து ஜீவனம் நடத்தும் பட்டறைக்காரர்களும், வெல்டிங் வேலைக்காரர்களும், தச்சர்களும், எலக்ட்ரீஷியன்களும் கணிசமானவர்கள். பாங்கு பாஸ்புக்கையும் ஒரு பையில் திணித்த பில்களையும் அவர்கள் மேஜைமீது வைக்கிறார்கள். நாமும், வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவை அனுசரித்து, ரொக்கமாக வந்த தொகையில் நூற்றுக்கு எட்டும், காசோலை வழியாகவோ மின்னணு முறையிலோ வந்த தொகையில் நூற்றுக்கு ஆறும் லாபம் என்று எழுதி, சுகம் எனப்படும் நான்காம் எண் படிவத்தைச் சமர்ப்பித்துவிட்டு, அடுத்தவரை அழைக்கிறோம்.

இந்த உத்தேச வருமான முறையை நாம் குறை கூறவில்லை. கணக்குப்பிள்ளை வைத்துக்கொள்ள வசதியில்லாத தொழிலாளிக்கு அது பெரும் சகாயம். ஆனால், அந்தப் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, நம்மில் அனுபவம் மிக்கவர்கள்கூட வாசித்துவிட்டு மறந்துவிடுகிற ஒரு விதியைக் கூறுகிறது. உத்தேச முறையில் வருமானம் காட்டும் ஒவ்வோர் ஆண்டிலும், பட்டறைக்காரர் தம் இயந்திரங்களின் தேய்மானத்தைக் கேட்டு, அது அவருக்கு வழங்கப்பட்டும் விட்டதாகவே பாவித்து, அவற்றின் எஞ்சிய மதிப்பைக் கணக்கிட வேண்டும் என்பதே அந்த விதி. அவர் ஒரு காசும் தனியாகக் கோரவில்லை. எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. ஆயினும் சட்டத்தின் பார்வையில் அவருடைய லேத் ஆண்டுதோறும் நூற்றுக்குப் பதினைந்து வீதம் தேய்ந்துகொண்டே வருகிறது.

கோயம்புத்தூர் கணபதியில் கூலிவேலைப் பட்டறை நடத்தும் ஒருவர், ஆறு லட்ச ரூபாய்க்கு ஒரு புதிய லேத் வாங்கி, ஜூன் மாதத்தில் ஓட்டத் தொடங்கினார் என்றும், அவரிடம் வேறு இயந்திரம் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். முதலாண்டு முடிவில் அதன் மதிப்பு 5,10,000. அடுத்த ஆண்டு 4,33,500. இவ்வாறே இறங்கி, ஐந்தாம் ஆண்டின் இறுதியில் 2,66,223 ரூபாயில் வந்து நிற்கும். ஆறாம் ஆண்டில் உடல்நலக் குறைவாலோ ஆர்டர் இல்லாமையாலோ அவர் அதை நான்கு லட்சத்துக்கு விற்றுவிடுகிறார். ஆறு லட்சத்துச் சாமானை நான்கு லட்சத்துக்குக் கொடுத்தோமே, இரண்டு லட்சம் நஷ்டமாயிற்றே என்று அவர் விசனப்படுகிறார். 50-ஆம் பிரிவோ, 1,33,777 ரூபாய் குறுகிய கால மூலதன ஆதாயம் அடைந்தவராக அவரைக் கொள்கிறது. அந்த ஆதாயம் உத்தேச லாபத்துக்குள் அடங்காது, தனியே காட்டவேண்டும், நான்காம் எண் படிவத்தில் அதற்கு இடமுமில்லை. இதை அந்த மனிதருக்கு ஆறாம் ஆண்டில் எடுத்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லிப் பார்த்தவர்களே அறிவார்கள். முதலாண்டிலேயே சொல்லியிருந்தால் அதில் கடினம் ஒன்றுமில்லை.

இதைக் காட்டிலும் என் மனத்தை வருத்துவது பழைய இயந்திரங்களின் விஷயம். மூடிய பட்டறையிலிருந்து ஒரு லேத்தையோ மில்லிங் மெஷினையோ பேரம் பேசி, வண்டியில் ஏற்றும்போதே ரொக்கத்தை எண்ணிக் கொடுத்துவிடுவது நம் ஊர்களின் நெடுநாள் வழக்கம். 2017-18 நிதியாண்டு முதல், ஒருவருக்கு ஒரே நாளில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகை இயந்திரத்தின் அடக்க விலையில் சேராது. இரண்டு லட்சத்தை அப்படியே கையில் கொடுத்தவருக்கு, வரிக்கணக்கில் அந்த இயந்திரத்தின் விலை பூஜ்யம். தேய்மானமும் இல்லை, பின்னாளில் விற்கும்போது கழித்துக்கொள்ள ஒரு தொகையும் இல்லை. அதே பணத்தைப் பாங்குக் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தால் இந்தச் சங்கடம் நேராது. வாங்கிய பிறகு நம்மிடம் வருகிறவருக்கு நாம் செய்யக்கூடியது மிகச் சொற்பமே. வாங்குமுன் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதுதான் நம் கடமை.

புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் பன்னிரண்டு லட்சம் வரை சாதாரண வருமானத்துக்குத் தள்ளுபடி இருக்க, சிறு பட்டறைக்காரருக்கு இவ்வளவு விசாரணை எதற்கு என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், வரம்புகளும் தள்ளுபடிகளும் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் மாறத்தக்கவை. ஒரு நல்ல லேத்தின் ஆயுளோ இருபது வருஷம். 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் உத்தேச வருமான முறை 58-ஆம் பிரிவில் இடம் பெற்றிருக்கிறது. எண் மாறியதால் இயந்திரத்தின் சரித்திரம் புதிதாகத் தொடங்கிவிடாது. மேலும், உத்தேச முறையைவிட்டு வெளியேறி மெய்யான கணக்கு எழுத நேரும் ஆண்டில், தொடக்க மதிப்பு என்ன என்ற கேள்விக்கு இயந்திரம் வாங்கிய பழைய பில்தான் ஆதாரம்.

சர்க்காருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்படாத உபகரணத்தின் விலை முழுவதையும், வாங்கிப் பயன்படுத்திய ஆண்டிலேயே கழித்துக்கொள்ளும் சலுகை முன்பு இருந்தது. 1996-97 மதிப்பீட்டு ஆண்டு முதல் அது எடுபட்டுப்போயிற்று. இன்று ஓர் எலக்ட்ரீஷியன் வாங்கும் டிரில்லிங் மெஷினையும், தச்சர் வாங்கும் கட்டிங் மெஷினையும், ஆலையின் பேரியந்திரத்தைப் போலவே வருஷக்கணக்கில் தேய்மானம் போட்டுக்கொண்டிருப்பது, வரி செலுத்துவோருக்கும் இலாகாவுக்கும் பிரயோஜனமற்ற உழைப்பு. மெய்க்கணக்கு எழுதும் சிறு தொழிலாளிகளுக்கேனும் இச்சலுகையை, இக்காலத்து விலைவாசிக்கு ஏற்ற வரம்போடு, மீண்டும் வழங்க வேண்டும் என்பது நம் உறுதியான அபிப்பிராயம்.

அது வரும்வரை, சக ஆலோசகர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். இந்த மார்ச் 31-க்குள், உத்தேச முறையில் உள்ள ஒவ்வொரு பட்டறைக்காரருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இயந்திரத்தின் பெயர், வாங்கிய தேதி, ஓட்டத் தொடங்கிய தேதி, விலை, பணம் சென்ற வழி, ஆண்டு முடிவில் எஞ்சிய மதிப்பு ஆகியவற்றை எழுதி, பில்லின் பிரதியை அதனுடன் இணைத்து, ஒரு நகலை அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.