கப்பல் வராட்டி என்ன, கடல் இருக்கே!

செமஸ்டர் லீவுக்கு எங்கே போகலாம்னு ஹாஸ்டல் வராண்டாவில் மாநாடு ஆரம்பிச்சாச்சா? ஊட்டி, கொடைக்கானல், கோவான்னு லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிங்க.

வெளிநாட்டு க்ரூஸ் கப்பல்களில் 'ஷோர் எக்ஸ்கர்ஷன்'னு ஒரு ஐட்டம் உண்டு. கப்பல் ஒரு தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போடும். பயணிகள் இறங்கி, காட்டில் திரியும் ஊர்வனவற்றைப் பார்த்து, ஸ்நார்க்கலிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடலில் ஒரு முங்கு போட்டுவிட்டு, சாயங்காலத்துக்குள் கப்பல் ஏறிவிடணும். இதில் சூப்பர் ஸ்டார், ஈக்வடாரின் காலபாகஸ் தீவுகள். கடலில் நீந்தும் இகுவானா, ராட்சத ஆமை எல்லாம் அங்கே உண்டு. 1835-ல் சார்லஸ் டார்வின் போய்ப் பார்த்த அதே பரம்பரை!

அதே மெனு நம்ம ராமநாதபுரத்திலும் இருக்கு. கப்பல்தான் மிஸ்ஸிங். காரணம் சிம்பிள் இன்ஜினீயரிங். பெரிய க்ரூஸ் கப்பலுக்குத் தண்ணிக்குக் கீழேயே சுமார் 8 மீட்டர் உடம்பு. ராமர் பாலம் பக்கம் பல இடங்களில் ஆழம் அதில் பாதிகூட இல்லை. தரை தட்டிடும் பாஸ்! அதனால நமக்கு டவுன் பஸ்தான்.

தூத்துக்குடியில் ஆரம்பிச்சு ராமேஸ்வரம் வரை கடலுக்குள் 21 தீவுகள். 1986-ல் இதை மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்த 21-ல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ரெண்டும் இப்போ தண்ணிக்குள்ளே. சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டி எடுத்ததில், அலையைத் தடுக்க ஆளில்லாமல் போச்சு. பவளப்பாறை வெறும் அழகு இல்லை, தீவுக்கு அதுதான் காம்பவுண்டு சுவர்.

இனி, யாரையெல்லாம் பார்க்கலாம்?

முதல் ஹீரோ கடல் ஆமை. பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமைன்னு பல வகை இந்தக் கடலில் உண்டு. வருஷ ஆரம்ப மாசங்களில் தனுஷ்கோடி மணலில் ராத்திரி ஏறி, பங்குனி ஆமை ஒரு தடவைக்கு நூறு முட்டை மாதிரி போட்டுட்டுப் போயிடும். வனத்துறை அதைச் சேகரித்து, வேலி கட்டிய இடத்தில் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுது. மணல் சூடா இருந்தா பெண் குஞ்சு, கொஞ்சம் குளிர்ச்சியா இருந்தா ஆண். பூமி சூடாகிறதுன்னு சொன்னா ஆமைக் குடும்பத்தில் மாப்பிள்ளைப் பஞ்சம்னு அர்த்தம்!

அடுத்தது கடல்பாம்பு. கடும் விஷம், ஆனா வம்புக்கு வராது. வலையில் சிக்கிக் கரையில் கிடந்தால் மட்டும் கைவைக்காதீங்க.

மூணாவது ஆளு கரையில். கழுத்தில் விசிறி விரிக்கும் குட்டி ஓணான். தென் தமிழ்நாட்டுக் கரையோர விசிறி ஓணான் ஒன்றுக்கு 2016-ல் விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'சிதானா மருதம்நெய்தல்'. பத்தாம் கிளாஸில் ஐந்திணை படிச்சது எங்கேயோ வேலைக்கு வந்திருக்கு பாருங்க.

எங்கிருந்து கிளம்புவது? பாம்பன் பக்கம் குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகுச் சவாரி ஆரம்பித்தது. விவேகானந்தர் 1897-ல் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து இறங்கிய இடம் இந்தக் குந்துகால்தான். பாக் நீரிணைப் பக்கம் தொண்டிக்குப் போற வழியில் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் படகு, கயாக் எல்லாம் ஊர்க்காரர்களோடு சேர்ந்து வனத்துறை நடத்துது. காற்று அடிச்சா படகு நிற்கும். விசாரிச்சுட்டுக் கிளம்புங்க.

இப்போ சீரியஸா ஒரு விஷயம். ஆமைக்கு நம்மள மாதிரி நுரையீரல். மூச்சுக்கு மேலே வந்தே ஆகணும். இழுவலையில் மாட்டினால் மூச்சு முட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியது ஞாபகம் இருக்கா? நீங்க செல்ஃபிக்காக ஆமை தலைக்கு மேலேயே மிதந்தாலும் கதை கிட்டத்தட்ட அதேதான். அது மேலே வரும் வழியை மறிக்கிறீங்க. காலபாகஸில் 2 மீட்டர் தள்ளி நிற்கணும், ஒரு கைடுக்கு 16 பேருக்கு மேல் கூடாதுன்னு கறார் ரூல். நம்ம கேங்குக்கு நாமே அந்த ரூலைப் போட்டுக்கலாமே?

பவளத்தை மிதிக்காதீங்க. அதுக்குள் வாழும் பாசிதான் அதுக்குச் சோறு போடுது. கடல் சூடானால் பாசி வெளியேறிடும், பவளம் வெளுத்துடும். 2010, 2016, 2024-ன்னு ஏற்கெனவே பெரிய அடிகள் வாங்கியிருக்கு. செத்த பவளம்தானேன்னு பையில் போட்டாலும் கேஸ்தான். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆமையும் பவளமும் இருக்கு. 3 முதல் 7 வருஷம் உள்ளே!

கடைசியா ஒரு சல்யூட். ஸ்நார்க்கலிங்னு நமக்குப் பேர் தெரியுறதுக்கு முன்னாடியே இந்தக் கடலில் முங்கி எழுந்தவர்கள் பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சைப் பிடித்து இறங்கி, மரிக்கொழுந்து, கட்டக்கோரைன்னு கடல்பாசி எடுத்துப் பிழைக்கிறவர்கள். பாசி வளர டைம் வேணும்னு மாசத்தில் சில நாள்தான் இறங்குவதுன்னு தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கிட்டவர்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவில் சீகாலஜி விருது கொடுத்தார்கள். ஆனா பூங்கா எல்லைன்னு ஆனதுக்குப் பிறகு, தீவுப் பக்கம் போனா இவர்களுக்குக் கெடுபிடி. டிக்கெட் எடுத்த நமக்கு லைஃப் ஜாக்கெட்!

கடலைக் காப்பாத்த எல்லை வேணும்தான். ஆனா அந்தக் கடலைத் தெரிஞ்சவர்களை வெளியே நிறுத்திட்டு, தெரியாத நம்மள உள்ளே கூட்டிட்டுப் போனா அது காப்பாத்துறது ஆகுமா? படகு ஓட்டுற அண்ணனிடமும் கரையில் பாசி காயப்போடுற அக்காவிடமும் ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்க. எந்த கைடு புக்கிலும் இல்லாத கடல் அவங்ககிட்ட இருக்கு.

ஆங்... பிளாஸ்டிக் கவரை மட்டும் திரும்ப எடுத்துட்டு வந்துடுங்க. அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!