பரண்மேல் உறங்கும் பெட்டி



பார்வைக்குத் தையல் இயந்திரம் வைக்கும் பெட்டியைப் போன்ற ஒன்று. தூக்கிச் செல்ல ஒரு கைப்பிடி. எடையோ ஏறத்தாழ 11 கிலோகிராம். கீழே கிடத்திக் கொக்கிகளை நீக்கினால், அதன் மூடியே எழுத்து விசைப்பலகையாகக் கையில் வருகிறது. உள்ளே நடுவில் 5 அங்குல அளவில் ஒரு சின்னஞ்சிறு திரை. அதன் இருபுறமும் ஃபிளாப்பி தட்டுகளைச் செருகுவதற்கு இரண்டு வாய்கள். 1981 ஏப்ரலில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட இப்பெட்டியின் பெயர் 'ஆஸ்பர்ன் 1'. விலை 1,795 டாலர். விமான இருக்கையின் கீழே வைத்துக்கொண்டு போகலாம் என்பதே அந்நாளில் அதன் பெருமை. உலகில் நன்கு விற்பனையான முதற் கையடக்கக் கணிப்பொறி இதுவே.

இதனை உருவாக்கி விற்ற ஆடம் ஆஸ்பர்ன் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். 1939-இல் பாங்காக் நகரில் ஆங்கிலேயத் தந்தைக்கும் போலந்து நாட்டுத் தாய்க்கும் பிறந்த அவர், தம் இளமைப் பருவத்தைத் திருவண்ணாமலையிலும் கொடைக்கானலிலும் கழித்தவர். பின்னர் இங்கிலாந்தில் இரசாயனப் பொறியியல் பயின்று, அமெரிக்கா சென்று, கணிப்பொறி பற்றி எளிய நூல்கள் எழுதிப் புகழ்பெற்றார். லீ ஃபெல்சன்ஸ்டைன் என்னும் பொறியாளர் வரைந்தளித்த அமைப்பின்படி இப்பெட்டியைச் செய்வித்தார். ஒரு காலத்தில் மாதம் 10,000 பெட்டிகள் விற்றன. ஆயினும் 1983 செப்டம்பரிலேயே நிறுவனம் நொடித்துப் போயிற்று. நோயுற்ற நிலையில் இந்தியாவுக்குத் திரும்பிய ஆஸ்பர்ன், 2003 மார்ச் 18 அன்று கொடைக்கானலில் தம் 64-ஆம் வயதில் காலமானார்.

நிறுவனம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. அது செய்த பெட்டிகளோ நாற்பது ஆண்டுகளைக் கடந்து இன்றும் பல நாடுகளில் பரண்மேல் உறங்குகின்றன. பழுது பார்க்கவோ, விளக்கம் கேட்கவோ அந்த நிறுவனம் இல்லை. இத்தகைய பெட்டியொன்று ஒரு குடும்பத்தின் கைக்கு வந்தால், அதனை எவ்வாறு காப்பது?

'எங்கள் வீட்டில் அத்தகைய பெட்டி இல்லையே' என்று பலரும் கூறலாம். உண்மையே. ஆனால் 1990-களில் வாங்கிய கணிப்பொறியும், ரப்பர் வளையம் இட்டுக் கட்டி வைத்த ஃபிளாப்பி தட்டுகளும் எத்தனையோ இல்லங்களின் அலமாரியில் இருக்கின்றன. மறைந்த தந்தை எழுதிய கடிதங்கள், பாட்டி சொல்லக் கேட்டுப் பேரன் தட்டச்சு செய்த குடும்ப வரலாறு, பங்கின் பழைய மலருக்கு எழுதிய கட்டுரைகள் ஆகியவை அவற்றில் அடங்கியிருக்கக் கூடும். பெட்டி வேறாயினும் காக்கும் முறை பெரும்பாலும் ஒன்றே.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாக மனத்திற் கொள்ளவேண்டும். பெட்டி என்பது உறை. அதனுள் எழுதப்பட்டதே பொருள். நம் முன்னோர் பனையோலையில் எழுதினர். ஓலை சில தலைமுறைகளுக்கு மேல் நிலைக்காது என்பதை அறிந்து, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுத்தனர். படியெடுத்த நூல் வாழ்ந்தது. படியெடுக்காதது செல்லரித்துப் போயிற்று. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடிச் சென்றபோது, ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டுவிட்ட ஏடுகளைப் பற்றிக் கேட்டு எவ்வளவு வருந்தினார் என்பதை நாம் அறிவோம். ஃபிளாப்பி தட்டும் ஓலையைப் போன்றதே. மெல்லிய பிளாஸ்டிக் வட்டத்தின்மேல் பூசிய காந்தத் துகளில்தான் எழுத்து இருக்கிறது. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்; பூச்சு உதிரும். பூச்சு உதிர்ந்தால் எழுத்தும் உதிர்ந்தது.

முதல் விதி இது: பெட்டி கிடைத்தவுடன் ஆவலால் மின்சாரம் பாய்ச்சாதீர்கள். இந்த முதல் மணி நேரத்திலேயே இழப்பு நேரக்கூடும். அமெரிக்காவில் வாங்கியது 120 வோல்ட் மின்சாரத்துக்கு அமைந்ததாயிருக்கலாம். நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். பின்புறம் எழுதியிருப்பதைப் படிக்காமல் இணைத்தால் பெட்டி அப்பொழுதே பாழ். அளவு சரியாயிருப்பினும், பல்லாண்டு உறங்கிய மின்தேக்கிகள் வெடித்து அறை நிறையப் புகையைக் கிளப்புவதுண்டு. பழுதடைந்த மின்பகுதி தவறான அழுத்தத்தை உள்ளே அனுப்பி மற்ற உறுப்புகளையும் கெடுக்கலாம். வாயில் தட்டு செருகியிருந்தால் அதிலுள்ள எழுத்துக்கும் ஆபத்து. ஆகவே அதனை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். பெட்டியைத் தாமே திறந்து பார்க்கவும் கூடாது. படக்குழாயில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் இணைப்பை நீக்கிய பின்னும் தங்கியிருக்கக் கூடும். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துக் கைதேர்ந்த ஒருவரிடம் இந்த வேலையை விடுவதே அறிவுடைமை.

இரண்டாவது விதி: எதனையும் துடைக்குமுன் படம் பிடியுங்கள். பெட்டியின் நான்கு பக்கங்கள், கம்பிகள், ஒவ்வொரு தட்டின் மேலுள்ள ஒட்டுச்சீட்டு ஆகிய அனைத்தையும் எழுத்துத் தெளிவாகத் தெரியும்படி எடுக்கவேண்டும். இது வெறும் சடங்கன்று. ஆஸ்பர்ன் பெட்டியை இயக்கியது 'சிபிஎம்' என்னும் அடிப்படை நிரல். அதன் அன்றைய பதிப்பு, கோப்புக்குப் பெயரை மட்டுமே குறித்துக்கொள்ளும். எழுதிய நாளைக் குறித்துக்கொள்ளாது. பெயரும் எட்டெழுத்து, அதன்பின் ஒரு புள்ளி, மேலும் மூன்றெழுத்து, அவ்வளவே. ஆதலால் 'அம்மாவுக்கு, 1983 நவம்பர்' என்று பேனாவால் ஒட்டுச்சீட்டில் எழுதியிருந்தால், அக்கடிதத்தின் காலத்துக்கு அதுவே ஒரே சாட்சியாக இருக்கலாம். அழுக்கென்று அதைக் கிழித்தெறிந்தவர் கடிதத்தின் வயதையே கிழித்தெறிந்தவராவார்.

மூன்றாவது, தட்டைப் படிப்பது. 5¼ அங்குலத் தட்டின் ஓரத்தில் சதுரமான ஒரு வெட்டு இருக்கும். அதன்மேல் சிறு தாளை ஒட்டி மூடிவிட்டால், தவறியும் அதில் எதுவும் எழுதப்படாது. இதை முதலில் செய்துகொள்க. பின்பு தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். வெண்புள்ளிகளாகப் பூஞ்சை தெரிந்தால் செருகலாகாது. படிக்கும் தலை தட்டின் மேற்பரப்பைத் தொட்டு உராய்வதால், பூஞ்சையும் துகளும் அடுத்தடுத்த தட்டுகளையும் கீறிவிடும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக் குச்சியால் தலையை அடிக்கடி துடைத்துக்கொள்ள வேண்டும். படிக்கையில் கீச்சென்ற ஒலி கேட்டால் உடனே நிறுத்திவிடுதல் நலம்.

இதற்குப் பழைய பெட்டியைத்தான் இயக்கவேண்டும் என்பதில்லை. நல்ல நிலையிலுள்ள வேறொரு 5¼ அங்குலத் தட்டியக்கியைத் தக்க மின்னிணைப்புடன் இன்றைய கணிப்பொறியோடு சேர்த்துப் படிப்பதற்கென்றே 'கிரையோஃபிளக்ஸ்', 'கிரீஸ்வீசல்' முதலிய சிறு கருவிகள் வந்துள்ளன. இவை எழுத்தைத் தேடுவதில்லை. தட்டின்மேல் காந்தம் எங்கெங்கே திசை மாறுகிறது என்பதை அப்படியே பதிவு செய்கின்றன. எழுத்தாக மாற்றுவது பிறகு. இதனால், இன்று விளங்காத பகுதியை நாளை இன்னும் சிறந்த நிரலால் வாசிக்க வழியுண்டு. தட்டை மீண்டும் மீண்டும் சுழற்றித் தேய்க்க வேண்டியதுமில்லை. ஆஸ்பர்ன் தட்டொன்று கொள்வது ஏறத்தாழ 90 கிலோபைட் மட்டுமே. இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கு இத்தகைய தட்டுகள் இருபது முப்பதுகூடப் போதா. ஆயினும் அந்தச் சிறிய இடத்தில் நாற்பது பக்கக் கடிதங்கள் அடங்கும்.

படியெடுத்த கோப்பை இன்றைய கணிப்பொறியில் திறந்ததும் சிலர் மனம் தளர்வர். ஒவ்வொரு சொல்லின் இறுதியிலும் விநோதமான ஒரு குறி நிற்கும். தட்டு கெட்டுவிட்டது என்று எண்ணிவிடலாகாது. ஆஸ்பர்ன் பெட்டியோடு தரப்பட்ட 'வேர்டுஸ்டார்' நிரல், வரிகளை ஒழுங்குபடுத்துவதற்காகச் சொல்லின் கடைசி எழுத்தில் ஓர் உள் அடையாளத்தை இட்டு வைக்கும். அதை நீக்கிவிட்டால் கடிதம் தெளிந்துவிடும். பழைய பெட்டியையே இன்றைய கணிப்பொறிக்குள் பாவனையாக இயக்கிக் காட்டும் 'மேம்' போன்ற நிரல்களும் உண்டு. அவற்றின் வழியே, எழுதியவர் கண்ட அதே 52 எழுத்து அகலத் திரையில் அவருடைய எழுத்தை நாமும் காணலாம்.

நான்காவது, பாதுகாத்தல். படி ஒன்றே இருந்தால் படி இல்லாததற்குச் சமம். மூன்று படிகள் வேண்டும். அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருக்கவேண்டும். அவற்றுள் ஒன்றாவது வேறொரு வீட்டில் இருக்கவேண்டும். வெள்ளமும் தீயும் ஒரு வீட்டைத்தானே தாக்கும்? ஒவ்வொரு கோப்புக்கும் 'செக்சம்' என்னும் முத்திரை எண்ணைக் கணக்கிட்டுக் குறித்து வைக்கவேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் மாறிவிடுமாதலால், ஆண்டுக்கொரு முறை ஒப்பிட்டுப் பார்த்துப் படி பழுதுறாமல் இருக்கிறதா என அறியலாம். கடிதங்களை நல்ல தாளில் அச்சிட்டு வைப்பதும் நன்று. தாளைப் படிக்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

பெட்டியோடு கிடைத்த கையேடு, விலைச் சீட்டு, விளம்பரத் தாள் ஆகியவற்றையும் எறியாதீர்கள். நிறுவனம் மறைந்த பின்னர் அவைதாம் ஆசான். உலகின் பல பகுதிகளில் ஆர்வலர்கள் தம்மிடமிருந்த கையேடுகளைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்து, 'இன்டர்நெட் ஆர்க்கைவ்', 'பிட்சேவர்ஸ்' போன்ற பொதுச் சேமிப்புகளில் இட்டதனால்தான் இன்று ஒருவர் இப்பெட்டியைப் பழுதுபார்க்க முடிகிறது. கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரிலுள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகம் ஆஸ்பர்ன் பெட்டியைக் காப்பதோடு, சிபிஎம் நிரலின் தொடக்ககால மூல எழுத்துகளை 2014-இல் பொதுப் பார்வைக்கு வெளியிட்டது. அசல் பெட்டியையும் தட்டுகளையும் படியெடுத்த பின்னும், ஈரமும் வெயிலும் படாத இடத்தில், ஒலிபெருக்கி போன்ற காந்தமுள்ள பொருள்களுக்கு அப்பால் வைத்துக் காப்பது தக்கது.

இறுதியாக, கருவியைச் சாராத ஒன்றைச் சொல்ல வேண்டும். சிபிஎம் முறையில் ஒரு கோப்பை அழித்தால், பட்டியலில் அதன் பெயருக்கு அழிந்ததற்கான அடையாளம் இடப்படுமேயன்றி, எழுத்து உடனே மறைந்துவிடாது. வேறொன்று அவ்விடத்தில் எழுதப்படும்வரை அது அங்கேயே கிடக்கும். தட்டை முழுமையாகப் படியெடுக்கும்போது, எழுதியவர் வேண்டாமென்று அழித்தவையும் சேர்ந்தே வரும். கோபத்தில் தம்பிக்கு எழுதி, அனுப்ப மனமின்றி அழித்த கடிதம் அதில் இருக்கலாம். கடன் கணக்கும் நோயின் விவரமும் இருக்கலாம். மற்றொருவர் நம்பிச் சொன்ன துயரமும் இருக்கலாம். கருவியால் முடிகிறது என்பதற்காக அதனை எல்லார் முன்னும் விரித்துப் படிப்பது முறையாகுமா?

காப்பது வேறு, பரப்புவது வேறு. முழுப்படியைச் சிதைக்காமல் ஒரு பெட்டகத்தில் வைத்துவிட்டு, உறவினர் அனைவருக்கும் உரியவற்றை மட்டும் தனியே பிரித்துக் கொடுக்கலாம். ஐயம் எழுந்தால், எழுதியவர் இன்று நம்மிடையே இருந்திருப்பின் இதைப் படிக்கத் தந்திருப்பாரா என்று கேட்டுக்கொள்வோம். யார் எதனைப் பார்க்கலாம் என்பதைக் குடும்பத்தின் மூத்தவர்கள் கூடி முடிவு செய்து, ஒரு தாளில் எழுதிப் படிகளோடு சேர்த்து வைத்தால், பின்வரும் தலைமுறைக்கும் வழி தெரியும்.

வாசகர்களே, இந்த வாரம் ஒரு நாள் அலமாரியையும் பரணையும் பாருங்கள். ரப்பர் வளையம் இற்றுப்போன தட்டுக் கட்டு கிடைத்தால், முதலில் ஒட்டுச்சீட்டுகளைப் படம் பிடித்து வையுங்கள். அவற்றில் இருப்பது யாருடைய கையெழுத்து, எந்த ஆண்டு என்று சொல்லக்கூடிய பெரியவர் உங்கள் இல்லத்தில் இருந்தால், இன்றே அவரருகே அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தட்டைப் படிக்கும் கருவியைப் பிறகு தேடிக்கொள்ளலாம். அவருடைய நினைவைப் பிறகு தேட இயலாது.