எண்ணெய் உண்ணும் நுண்ணுயிர்கள்

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் கரையெங்கும் கருமையாய்ப் படிந்தது. மீனவரும் தன்னார்வலரும் அதனை வாளிகளால் அள்ளினர். அள்ளிய சேற்றை எரித்தால் காற்று கெடும். புதைத்தால் நிலத்தடி நீர் கெடும். எனவே, துறைமுக வளாகத்தில் குழியமைத்து, எண்ணெயை உண்ணும் பாக்டீரியாக்களைக் கொண்டு அதனைச் சிதைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது.

இந்நுண்ணுயிர்கள் எண்ணெயை உணவாக்கி, அதனைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன. ஆயினும் அவற்றுக்குக் காற்றும் ஈரமும் தேவை. நைட்ரஜனும் பாஸ்பரசும் தேவை. மண்ணை அடிக்கடி கிளறிவிட்டு, மாதக்கணக்கில் பொறுத்திருக்கவும் வேண்டும். எண்ணெயோடு கலந்துள்ள ஈயம் போன்ற உலோகங்களை அவற்றால் அழிக்கவியலாது.

தோல் பதனிடும் கழிவால் கிணறுகள் கெட்டதைக் கண்ணாரக் கண்டது நம் திண்டுக்கல். வாகனப் பட்டறை நடத்தும் அன்பர்களே! பழைய என்ஜின் ஆயிலை மண்ணில் ஊற்றாதீர்கள். காற்றுப் புகாத ஆழத்திற்கு இறங்கிய எண்ணெய் எளிதில் சிதைவதில்லை. அதனைத் தகரக் கலத்தில் சேர்த்து வைத்து, மறுசுத்திகரிப்புக்கு உரிமம் பெற்றோரிடம் ஒப்படையுங்கள். நுண்ணுயிர் நமக்குத் துணைதான். ஊர்க் கிணற்றைக் காக்கும் பொறுப்போ நம்முடையது.