தகவற் குவியலும் சிக்கற்பாடும்

தகவல் பெருகப் பெருகப் பொருளின் சிக்கற்பாடும் பெருகும். சிக்கலான பொருளை அறியவேண்டின் தகவலைக் குவிப்பதே வழி என்னும் கருத்து பல்கலைக்கழக ஆய்வுலகில் வேதவாக்காகி வருகின்றது. ஆய்வேட்டின் தரத்தை அட்டவணைகளின் பருமனால் நிறுக்கும் வழக்கம் இக்கருத்து ஈன்ற பிள்ளையே. அறிவியலின் பெயரால் வழங்கும் இம்மயக்கத்துக்கு அறிவியலில் ஆதாரம் இல்லை.

தகவலை அளக்கும் கணிதத்தை 1948 இல் வகுத்த குளோட் ஷானன், செய்தியின் பொருள் தமது பொறியியற் பிரச்சினைக்குப் புறம்பானது என அவ்வாய்வின் தொடக்கத்திலேயே கூறினார். அவர் அளந்தது எதிர்பாராமையை. எழுத்துக்களைக் குலுக்கி எழுந்தமானமாக அடுக்கிய வரிசை, அதே நீளமுள்ள ஒரு குறளைவிடக் கூடிய தகவலுடையது என்பதே அவ்வளவையின் முடிபு. 1965 இல் கொல்மொகோரொவ், ஒரு வரிசையைத் தோற்றுவிக்கும் மிகக் குறுகிய கணனி நிரலின் நீளத்தை அளவையாக்கினார். அதன்படியும் ஒழுங்கற்ற வரிசையே முதலிடம் பெறும். இவற்றை அப்படியே சிக்கற்பாட்டின் அளவுகோலாகக் கொண்டால், குப்பைமேடு கோபுரத்தை வென்றுவிடும். வெறும் நீளத்தை அளவுகோலாக்குவோரும் தப்பமுடியாது. வெங்காயத்தின் மரபணுத்தொகுதி மனிதனுடையதைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு நீளமானது. தமது கோட்பாடு எல்லாத் துறைகளுக்கும் இழுத்துச்செல்லப்படுவதை ஷானனே 1956 இல் எச்சரித்தார்; எச்சரிக்கை செவியேறவில்லை.

முல்லைத்தீவு மாவட்டத்து நாயாற்றுக் கடனீரேரியை எடுத்துக்கொள்க. சிற்றாறுகள் அதற்கு நன்னீர் கொணர்கின்றன. ஒடுங்கிய முகத்துவாரம் அதனைக் கடலோடு இணைக்கின்றது. கண்டற் காடுகளும் கடற்புற் படுகைகளும் அங்குள்ளன. அதன் உவர்த்தன்மை நாள்தோறும் பல இடங்களில் அளக்கப்பட்டு, ஓராண்டு அட்டவணை ஒன்று உருவாகின்றது எனக் கொள்க. பார்வைக்கு அது எண்களின் காடு. ஆயின் வடகீழ்ப் பருவமழையின் வெள்ளம், கோடையின் ஆவியாதல், முகத்துவாரத்து மணலின் நிலை ஆகிய மூன்றும் தெரிந்தால், அவ்வெண்களுட் பெரும்பாலானவற்றை முன்னரே மதிப்பிடலாம். அட்டவணை சுருங்கச் சுருங்கவே கடனீரேரி துலங்குகின்றது. எஞ்சுவனவற்றுள் கருவியின் பிழையும் உண்டு. இன்னும் அறியப்படாத தொடர்பும் உண்டு. இவ்விரண்டையும் வேறுபிரிப்பதே ஆய்வு. எண்களை இரட்டிப்பதால் மட்டும் அது நிகழாது.

அளவீடின்றி விதி எங்ஙனம் பிறக்கும் என வினவுவார் உளர். வினா நியாயமானதே. தைக்கோ பிராகேயின் அளவீடுகள் இன்றேல் கெப்ளரின் விதிகள் இல்லை. எனினும் கெப்ளர் நிலைபெற்றது, அவ்வேடுகளை மூன்று விதிகளுள் அடக்கியமையாலேயே. இனி, இயற்கை மிகச் சிக்கலானது, விதிக்கு அடங்காது எனக் கைவிரிப்போருக்கும் இடமில்லை. எந்த வரிசைக்கும் அதன் மிகக் குறுகிய விவரணத்தைக் கண்டுதரும் பொதுவழி இல்லை என்பது நிறுவப்பட்ட தேற்றம். ஆதலின், இதற்குமேற் சுருங்காது என்ற தீர்ப்பை எவரும் எளிதில் வழங்கிவிட முடியாது.

இது ஏட்டுச் சர்ச்சை மட்டுமன்று. நாயாறு 2017 இல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அந்நீரில் இறால் பிடித்து வாழ்வோரும், அருகே நெல் விளைவிப்போரும் ஆய்வாளரிடம் எதிர்பார்ப்பது, எது மாறினால் எது மாறும் என்னும் விடையை. எண்களின் மூட்டை அவ்விடையைத் தராது. ஆய்வேட்டை மதிப்பிடுவோர் எத்தனை எண்கள் சேர்ந்தன என வினவுவதை விடுத்து, கண்ட விதியால் எத்தனை எண்கள் வேண்டாதனவாயின என வினவத் தொடங்கட்டும்.