அளவுச் சங்கிலி யார் கையில்?

தோழர்களே, நாம வாழுற டெக்சாஸின் தெற்கு எல்லையே ஒரு போருக்குப் பிறகு போட்ட கோடுதான். 1848இல் மெக்சிகோவைத் தோற்கடித்த அமெரிக்கா, குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தத்தில் புது எல்லையை எழுதி வாங்கியது. அதோடு இணைத்த வரைபடம், டிஸ்டர்னெல் என்ற நியூயார்க் பதிப்பாளர் கடையில் விற்றது. அதில் எல் பாசோ, உண்மையான இடத்திலிருந்து முப்பது மைலுக்கு மேல் வடக்கே தள்ளிக் கிடந்தது. கிழக்கே இன்னும் அதிகம்.

தப்புன்னா திருத்தினா போச்சு. ஆனா எந்தப் பக்கமா திருத்துறது? இரு நாட்டு ஆணையர்களும் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். அமெரிக்க நில அளவையாளர் ஆண்ட்ரூ கிரே கையெழுத்துப் போட மறுத்தார். தெற்கு ரயில்பாதைக்கு ஏற்ற நிலம் கைவிட்டுப் போகுதே என்பது அவர் கவலை. கடைசியில் 1853 காட்ஸ்டன் ஒப்பந்தத்தின்படி அமெரிக்கா ஒரு கோடி டாலர் கொடுத்து நிலத்தை வாங்கியது. 1854இல் அதே கிரே, ஒரு ரயில் கம்பெனிக்காகப் பாதை அளக்கப் போனார். அந்தக் கோடு தோஹோனோ ஓதாம் மக்களின் நிலத்தை இரண்டாகப் பிளந்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

நாட்டு எல்லை மாறாமலே, போருக்குப் பிறகு உள்ளுக்குள் கோடு போடவும் முடியும். இலங்கையில் போர் முடிந்து பதினோரு வருஷம் கழித்து, 2020 ஜூனில், கோத்தபாய ராஜபக்ச கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கு ஒரு ஜனாதிபதி செயலணி அமைத்தார். தொல்லியல் இடங்களுக்கு எவ்வளவு நிலம் ஒதுக்கணும்னு அடையாளம் காண்பதும் அதன் வேலை. தலைவர், பாதுகாப்புச் செயலாளர். நில அளவையாளர் நாயகம் ஓர் உறுப்பினர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு அமைத்த அந்தப் பட்டியலில், தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இல்லை.

பிளானோ, டல்லாஸ் பக்கம் நம்மில் எத்தனை பேர் ஜிஐஎஸ், செயற்கைக்கோள் படம், டேட்டா என்று படிக்கிறோம், சம்பளம் வாங்குகிறோம்! "நாங்க டெக்னிக்கல் ஆளுங்க, அரசியல் வேண்டாம்" என்பதுதான் வழக்கமான பதில். கிரே செய்ததும் டெக்னிக்கல் வேலைதான்.

மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனையில் மேய்ச்சல் தரைக்காகப் பால்பண்ணையாளர்கள் 2023 முதல் போராடுகிறார்கள். எந்தக் குளத்தில் மாடு தண்ணி குடிக்கும், எந்த வழியா பட்டி போகும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதை அரசு அலுவலகம் மறுக்க முடியாத வரைபடமாக்க நமக்குத் தெரியும். அவர்கள் கேட்டால், அவர்கள் சொல்லுகிறபடி, காசு வாங்காமல் அந்த வேலையைச் செய்து கொடுப்போம். வரைபடமும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். இந்த வேலைக்கு வர விருப்பமுள்ளவர்கள் இந்த மடலுக்கே பதில் போடுங்கள்.