ரயில் ஏறும் முன்னே உடம்பைக் கெடுத்துக் கொள்ளாதீர்கள்!

எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு இருக்கிறது, முத்துசுவாமி தீட்சிதர் சமாதி இருக்கிறது, உமறுப் புலவர் அடக்கமான இடம் இருக்கிறது. ரயில் நிலையம் மட்டும் கிடையாது! சென்னைக்கு ராத்திரி வண்டி பிடிக்க வேண்டுமானால் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி கோவில்பட்டிக்குத்தான் போயாக வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸ், முத்துநகர் எக்ஸ்பிரஸ் எல்லாம் இரவு ஒன்பது மணிக்கு மேல் அங்கே வருகின்றன. ஸ்கூட்டரில் போய் ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஏறுவது இங்கே பல குடும்பங்களின் வழக்கம்.

"இதில் வைத்தியம் எங்கே வந்தது டாக்டர்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என்னிடம் வரும் அண்ணாச்சி ஒருவர், பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். வயது அறுபத்திரண்டு. சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போட்டுக் கொள்கிறார். பேத்தியின் காதணி விழாவுக்கு சென்னை கிளம்பினார். ஏழு மணிக்கு வீட்டிலேயே ஊசியைப் போட்டாயிற்று. 'ஸ்டேஷன் பக்கத்தில் நாலு இட்லி சாப்பிட்டுக்கலாம்' என்று கணக்கு. போய்ப் பார்த்தால் ஸ்டாண்டில் வண்டி நிறுத்த இடமில்லை. இங்கே தள்ளி, அங்கே உருட்டி, யார் கடை வாசலிலாவது விடலாமா என்று கெஞ்சி, கடைசியில் ஒரு மூலையில் செருகிவிட்டு, இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக பிளாட்பாரத்துக்கு வந்தபோது வண்டி நிற்கிறது. இட்லியாவது, ஒன்றாவது! சாத்தூர் தாண்டும்போது உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிவிட்டது. எதிர் சீட்டுப் பெண் சமயத்தில் புரிந்துகொண்டு கடலை மிட்டாயை எடுத்து வாயில் கொடுத்திருக்கிறார். பிழைத்தார்.

2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு இது பெருமைதான். ஆனால் அந்த நேரத்தில் அதைவிடச் சிறந்தது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்த தண்ணீர், அல்லது குளுக்கோஸ். கடலையில் உள்ள எண்ணெய்ச் சத்து இனிப்பு ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றவோ திணிக்கவோ கூடாது. புரை ஏறிவிடும். அவரை உடனே மருத்துவரிடம்தான் சேர்க்க வேண்டும்.

நான் சித்த மருத்துவன் என்பதால், "இன்சுலினை விடுங்கள், ஆவாரம்பூவைக் குடியுங்கள்" என்று சொல்வேன் என எதிர்பார்க்காதீர்கள். ஊசி போடுகிறவர் ஊசியை நிறுத்தக் கூடாது. தட்டில் சாப்பாடு வந்த பிறகு ஊசியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதற்கு வழி என்ன? பயண நாளன்று இரவுச் சாப்பாட்டை வீட்டில், வழக்கமான நேரத்தில், உட்கார்ந்து முடித்துவிட்டுக் கிளம்புவது. ஏழு, ஏழரைக்குச் சாப்பிட்டால், படுக்கையில் சாயும்போது இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும். செரிமானத்துக்கும் நல்லது, நெஞ்செரிச்சலும் வராது. சில வீடுகளில் பார்க்கிறேன், ரயிலில் ஏறியதும் பொட்டலத்தைப் பிரித்து வயிறு முட்டச் சாப்பிட்டு, அப்படியே நடுப் படுக்கையில் ஏறி முடங்கிக் கொள்கிறார்கள். காலையில் எழும்பூரில் இறங்கும்போது புளித்த ஏப்பம்!

சரி, வண்டியை என்ன செய்வது? என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அறுபது தாண்டியவர்கள் ஸ்கூட்டரை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு பஸ்ஸில் போங்கள். எட்டயபுரம் - கோவில்பட்டி பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. பிள்ளையோ பக்கத்து வீட்டுக்காரரோ கொண்டுவந்து விட்டால் இன்னும் நல்லது. கௌரவம் பார்க்காமல் ஆட்டோவும் பிடிக்கலாம். நான்கு நாள் ஸ்டாண்ட் வாடகையையும், திரும்பி வரும்போது காற்றுப்போன டயரையும் கணக்குப் பார்த்தால் பெரிய நஷ்டமில்லை.

திரும்பி வருவதில்தான் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. சென்னையிலிருந்து வரும் ராத்திரி வண்டிகள் விடியற்காலையில் கோவில்பட்டியில் இறக்கிவிடும். இரவெல்லாம் அரைத் தூக்கம். அந்தக் கண்ணோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு லாரிகள் ஓடும் ரோட்டில் பதினைந்து கிலோமீட்டர்! பின்னால் மனைவி, நடுவில் பை. கண் செருகுவது ஒரு நொடிதான். வண்டியை ஸ்டாண்டில் போட்டே ஆக வேண்டும் என்பவர்கள், இறங்கியதும் முகம் கழுவி, ஏதாவது சூடாகக் குடித்து, அரைமணி உட்கார்ந்து, நன்றாக வெளிச்சம் வந்த பிறகு எடுங்கள். கண் எரிந்தால் எடுக்கவே வேண்டாம், பஸ்ஸில் போய்விட்டு மத்தியானம் வந்து எடுத்துக் கொள்ளலாம். போகும்போதும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். வயதானவர்களை முதலில் ஸ்டேஷன் வாசலில் இறக்கி உட்கார வைத்துவிட்டு, பிறகு இடம் தேடுங்கள்.

இன்னொன்று. மருந்துப் பையை ஸ்கூட்டர் பெட்டியில் வைக்காதீர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ரத்த அழுத்த மாத்திரையையும் இன்சுலினையும் அப்படி வைத்துவிட்டு ரயில் ஏறிவிட்டார். நினைவு வந்தபோது விருதுநகர் விளக்கு தெரிகிறது! நான்கு நாள் கழித்து வந்து அதே இன்சுலினைப் போட்டுக் கொண்டாராம். கரிசல்காட்டு வெயிலில் அந்தப் பெட்டி அடுப்பாக அல்லவா காய்ந்திருக்கும்? உபயோகத்தில் உள்ள இன்சுலின் பொதுவாக 30 டிகிரிக்குள் இருந்தால்தான் நான்கு வாரம் போலத் தாங்கும். வெந்துபோன மருந்தைப் போட்டு, சர்க்கரை ஏறி, "மருந்து கேட்கலை"ன்னு என்னிடம் வந்தார். மருந்துப் பை கையில் இருக்கட்டும், பயணச் சீட்டோடு.

இனி கட்டுச் சாதம். இரவுக்கு வேண்டாம் என்றேன், ஆனால் காலைக்கு வேண்டும். வண்டி தாமதமானால் பசியோடு கிடக்கக் கூடாதே. நம் பாட்டிமார் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளியோதரை - இரண்டையும் அவர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வெந்த சோற்றிலும் சில கிருமிகளின் வித்துக்கள் சாகாமல் இருக்கும். வெதுவெதுப்பாக மூடி வைத்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. புளிப்பு அதிகமான சோற்றில் அவை எளிதில் வளர்வதில்லை. ஆகவே சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, புளிக்காய்ச்சல் போட்டுக் கிளறி, வாழையிலையில் கட்டுங்கள். ஆவி பறக்கப் பறக்க பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து மூடினால் பாட்டியின் புத்திசாலித்தனமெல்லாம் வீண். தேங்காய்ச் சட்னி கூடவே கூடாது. தயிர்ச் சாதத்தை நான் இரவுக்குச் சிபாரிசு செய்வதில்லை. சித்த மருத்துவம் இரவில் தயிரை விலக்கத்தான் சொல்கிறது. சாத்தூர் சேவு? ஒரு கைப்பிடி சாப்பிடுங்கள், ஒரு பொட்டலம் வேண்டாம். தாகம் எடுக்கும்.

தாகம் என்றதும் நினைவுக்கு வருகிறது. என் ஆஸ்பத்திரிக்கு வந்த ஆச்சி ஒருவர், சென்னைப் பயணம் முடிந்து இரண்டாம் நாள், நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக இருந்தார்.

"தண்ணி குடிச்சீங்களா ஆச்சி?"

"எங்கய்யா குடிக்க? ராத்திரி எந்திரிச்சு அந்த ஆடுற கக்கூசுக்கு யாரு போக? மத்தியானமே நிப்பாட்டிட்டேன்."

நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் இப்படி! மத்தியானம் நிறுத்திய தண்ணீர், மறுநாள் காலை வரை கிடையாது. வந்ததையும் அடக்குகிறார்கள். அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள் என்று சித்த நூல்கள் சொல்கின்றன. அதில் சிறுநீரும் ஒன்று. அடக்கினால் நீர்க்கடுப்பு வரும். ஏற்கெனவே வெயிலில் காய்கிற இந்த ஊர்க்காரர்களுக்கு கல்லடைப்பும் வரும். கோபம் அந்த ஆச்சி மேல் வரவில்லை. கைப்பிடி பிடித்து நடக்க முடியாத, வழுக்குகிற கழிப்பறைகள் மேல்தான் வந்தது. சுத்தமான கழிப்பறை ஓடும் ரயிலில் மருந்துக்குச் சமம் என்பது என் கருத்து. அது வரும்வரை நாமும் கொஞ்சம் செய்யலாம். 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் மூத்தவர்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கும் ஏற்பாடு ரயில்வேயில் இருக்கிறது. சீட்டு எடுக்கும்போது வயதைச் சரியாகக் கொடுங்கள், முன்கூட்டியே எடுங்கள். பெண்டாட்டி எழுந்து போனால் கணவர் கூட எழுந்து போய் வாசலில் நிற்கட்டும். ஒரு ராத்திரி தூக்கம் கலைந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

கடைசியாக, கூடுதலாக ஒரு வேளைக்கு உண்டானதைப் பையில் போடுங்கள் என்று நான் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். 2023 டிசம்பர் 17 இரவை நம் மாவட்டத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. நிறுத்தியதால்தான் எல்லோரும் தப்பித்தார்கள். ஏறக்குறைய எண்ணூறு பயணிகள். சுமார் முந்நூறு பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பிறகு ரோடும் போயிற்று. மற்றவர்கள் 19-ஆம் தேதிதான் மீண்டு, வாஞ்சி மணியாச்சி வந்து, சிறப்பு ரயிலில் சென்னை போனார்கள். ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலம் போடும் முன்பே, பக்கத்துப் புதுக்குடி கிராமத்து ஜனங்கள், தங்கள் வீட்டைச் சுற்றியும் வெள்ளம் நிற்கும்போது, இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

அந்த வண்டியில் சர்க்கரைக்காரர்கள், கைப்பிள்ளைக்காரிகள், ரத்த அழுத்தக்காரர்கள் எல்லாரும் இருந்திருப்பார்கள் அல்லவா? அதனால்தான் சொல்கிறேன். கெடாத பொருளாக இருக்கட்டும்: ஒரு படி அவல், கொஞ்சம் பொரிகடலை, ஒரு துண்டு கருப்புக்கட்டி. அவலுக்கு அடுப்பு வேண்டாம், தண்ணீர் தெளித்தால் போதும். மருந்தை மூன்று நாளைக்குக் கூடுதலாக எடுத்துக் கொள்ளுங்கள். கொதிக்க வைத்து ஆறிய சீரகத் தண்ணீர் ஒரு பெரிய பாட்டில். வயிறு மந்தமானால் பஞ்ச தீபாக்கினி சூரணம் அரைத் தேக்கரண்டி, தேனில் குழைத்து. சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம்தான் அதில் இருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்குத் தேன் வேண்டாம், வெந்நீர் போதும். வயிற்றுப் புண் உள்ளவர்கள் தொட வேண்டாம்.

காதணி விழாவுக்குப் போன அந்த அண்ணாச்சி போன மாதம் மறுபடி சென்னை போனார். ஏழே காலுக்கு வீட்டில் சாப்பாடு, அதற்குச் சற்று முன் ஊசி, எட்டு மணி பஸ். "ஸ்கூட்டர் சாவியை அவ பிடுங்கி வச்சுக்கிட்டா டாக்டர்" என்றார்.